வயல் பாடம்

மாடு திரும்பவும் கத்துது. கத்தட்டும், எனக்கென்ன, நான் சென்றிக் காவலுக்கு நிக்கிறன், மாடு பாக்க வரேல்லை. ஆனா அது கத்திற கத்தல் காதாலை போய் வயித்துக்குள்ளை நிக்குது. விடிய செல்லடி ஓய்ஞ்ச கையோடை தொடங்கினது, இப்ப உச்சி வெய்யில், இன்னும் அதுக்குத் தொண்டை அடைக்கேல்லை. பக்கத்திலை கதிரி அண்ணையாவது சும்மா இருக்கிறாரோ, அதுவுமில்லை. மண்ணணையிலை நாடியை வைச்சுப் பாக்கிறதும், குந்துறதும், எழும்புறதும், மூக்காலை சீறுறதும். "மடி கட்டிப்போச்சு அருளம்பலம். கண்டுக்குட்டி செத்திருக்கும். கறக்க ஆளில்லை, அதுதான் உந்தக் கத்தல். உப்பிடியே விட்டால் காய்ச்சல் வந்து விழுந்திடும்" எண்டுறார். விழட்டுமன் அண்ணை, மனுசர் விழுகினம். வாயாலை சொல்லேல்லை, மனசுக்குள்ளை நினைச்சதுதான். அவர் மாடு வளர்த்த ஆள். ஊரை விட்டு ஓடேக்க பட்டியைத் திறந்துவிட்டிட்டு வந்தவர், அதைச் சொல்லேக்க இப்பவும் மூக்கை உறிஞ்சுவார். எனக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும், நான் தையல்காரன், தோலிலை பெல்ட்டுக்குத் துளை போட்டிருக்கிறன், அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்சது பயம். வந்த நாள் தொட்டுப் பயம். சாப்பிடேக்க பயம், ஒண்டுக்குப் போகேக்க பயம், பயமில்லாமல் ஒரு நிமிசம் போனால் ஏன் பயமில்லை எண்டு பயம். இரண்டு கிழவங்கள், ஒரு பங்கர், ஆளுக்கொரு துவக்கு, முன்னாலை வயல், வயலுக்கு அங்காலை ஆமி. எங்களை நம்பிப் பின்னாலை ஒரு சனம் படுத்தெழும்புது. சிரிப்பு வரவேணும், வரேல்லை.

முன்னாலை வயல் எண்டு சொல்லுறன், நான் கண்டனானே? எனக்கு முன்னாலை இருக்கிறது வெளிச்சம். மேலை வெள்ளை, கீழை மண்ணிறம், நடுவிலை என்னவோ ஆடுது. இடக்கண் முழுக்க வெள்ளை விழுந்து போட்டுது. வலக்கண் பொலித்தீன் பையுக்குள்ளாலை பாக்கிற மாதிரி, கிட்ட வந்தால் ஆள், தள்ளி நிண்டால் தூண். இது இஞ்சை கதிரி அண்ணை ஒராளுக்குத்தான் தெரியும். வந்த புதுசிலை பாண் துண்டெண்டு நினைச்சுச் சவுக்காரக் கட்டியைக் கடிச்சுப்போட்டன், அவர் பாத்துக்கொண்டிருந்தவர். ஒரு கேள்வி கேக்கேல்லை மனுசன். அடுத்த நாள் விடியத் தேத்தண்ணியோடை பக்கத்திலை வந்து குந்தி, சும்மா பேச்சுக்குச் சொல்லுறமாதிரி, இடப்பக்கத்திலை இருந்து தொடங்கினார். முதல் வாய்க்கால் கட்டு. அதிலை ஒரு மருதமரம். பிறகு வெட்டை. வெட்டைக்கு நடுவிலை சில்லுக் கழண்ட வண்டில். வண்டிலுக்கு வலப்பக்கம் பாம்புப் புத்து. புத்துக்கு அங்காலை தனிப்பனை. பனைக்குப் பின்னாலை கூரை போன பம்புக் கொட்டில். அதுக்குப் பிறகு பத்தை, பத்தைக்குள்ளை அவங்கள். "திருப்பிச் சொல்லு" எண்டார். சொன்னன். "இன்னொருக்கா." பள்ளிக்கூடத்திலை வாய்ப்பாடு சொன்ன மாதிரிச் சொன்னன். வாய்க்கால், மருது, வண்டில், புத்து, பனை, கொட்டில், பத்தை. ஒவ்வொரு விடியவும் இதுதான் எங்கடை தேவாரம். என்ன மாறியிருக்கெண்டு சொல்லுவார், புத்துக்குப் பக்கத்திலை புதுசா ஒரு செல் விழுந்த கிடங்கு, மருதிலை ஒரு கொப்பு முறிஞ்சிருக்கு, நான் சேர்த்துப் பாடமாக்குவன். இந்தப் பக்கத்துக்குப் பொறுப்பான பிள்ளை நிலமதி சுத்திப் பாக்க வாறநேரம் "ஐயா, முன்னாலை என்ன?" எண்டு கேப்பாள், நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒண்டு விடாமல் ஒப்புவிப்பன். ஒருக்கால் சொன்னாள், இந்தப் பக்கத்திலை உங்கடை கண்தானய்யா நல்ல கண் எண்டு. கதிரி அண்ணைக்கு இருமல் வந்திட்டுது. எனக்கு வேர்த்து ஒழுகினது.

தெரியவந்தால் என்ன நடக்கும்? வீட்டை அனுப்புவினம். அதுதான் பயம். கேக்கிற ஆளுக்கு விசர்க்கதை மாதிரி இருக்கும், வீட்டை போறதுக்கு ஆரும் பயப்பிடுவினமோ? பக்கத்துக் காவல் பொயின்றிலை இருந்த சவரியானைக் கேளுங்கோ. இழுப்புக்காரன், இரவிலை அவன்ரை மூச்சு ஆமிக்குக் கேக்குமெண்டு திருப்பி அனுப்பினவை. வீட்டுக்கு ஒராள் இயக்கத்துக்கு வரவேணும் எண்டுதானே சட்டம், அவன் போனால் அந்த வீட்டுக் கணக்கிலை ஆளில்லை. அவன் நடந்து வீட்டுப் படலைக்குப் போய்ச் சேரமுந்தி வாகனம் போய் நிக்குது. மகளை ஏத்தினவை. சவரியான் வாகனத்துக்குப் பின்னாலை ஓடினானாம், இழுப்போடை. என்ரை வீட்டிலை ஏத்த இருக்கிறது மகள் சுகிர்தா ஒருத்திதான். ஒல்லிப் பிள்ளை, வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு தாய்க்குப் பின்னாலை நிக்கிற பிள்ளை, அதிட்டைத் துவக்கைக் குடுத்து... இல்லை, நினைக்கக்கூடாது. சட்டம் வந்த கிழமை தலைக்கு மை பூசிக்கொண்டு நானாய்ப் போய்ச் சொன்னன், எங்கடை வீட்டாலை நான் வாறன் எண்டு. மேசையிலை இருந்த பெடியன் மேலும் கீழும் பாத்தான். துவக்குப் பிடிப்பியளோ ஐயா? மெசினிலை உழைச்ச கை தம்பி, எதையும் பிடிக்கும் எண்டன். அவனுக்கு ஆக்கள் தேவை, கண்ணைப் பற்றிக் கேக்கேல்லை. வீட்டிலை சொன்னது தையல் பிரிவுக்குப் போறன், உடுப்புத் தைக்கிறதெண்டு. மனுசி பரிமளம் நம்பினாளோ இல்லையோ, சுகிர்தா நம்பினவள். நெருப்புப்பெட்டிக்குள்ளை ஊசியளை நூல் கோத்துக் கோத்து அடுக்கித் தந்துவிட்டவள். அப்பாவுக்கு நூல் கோக்க ஏலாதெண்டு அவளுக்குத் தெரியும். அந்தப் பெட்டி இந்தா, சட்டைப் பையுக்குள்ளை கிடக்கு. நேற்றும் ஒண்டை எடுத்துக் கதிரி அண்ணையின்ரை சட்டைக்குக் கழண்டு விழுந்த தெறி தைச்சுக் குடுத்தனான், கையாலை தடவித் தடவி. நல்லாய்ப் பிடிச்சிருக்கு, இழுத்தாலும் வராது.

கத்துது. அறுவான் மாடு. கதிரி அண்ணை கஞ்சி குடிச்ச பெரிய பேணியை எடுத்துத் தண்ணி விட்டுக் கழுவிறார். எனக்கு விளங்கிட்டுது. "அண்ணை, உங்களுக்கு விசரே?" "இல்லையடாப்பா, இப்ப அவங்கள் சாப்பிடுற நேரம். இந்த வெய்யிலுக்கை ஆர் பாத்துக்கொண்டிருக்கப் போறான்? மாடு வண்டிலடியிலைதான் நிக்குது, கயிறு அச்சுக்கட்டையிலை சிக்கிப்போச்சு. வாய்க்காலுக்குள்ளாலை போய் ஊர்ந்து போனால் ஒரு பீடி குடிக்கிற நேரம்." "மிதிவெடி கிடக்கும்." "மாடு நடந்து வந்த பாதையிலை போவன். அது வெடிக்காமல்தானே வந்தது." அந்தாள் எல்லாத்தையும் யோசிச்சு வைச்சிருக்குது, விடியத் தொட்டு யோசிச்சிருக்குது. "நிலமதிப் பிள்ளை வந்தால்?" "கொல்லைக்குப் போட்டார் எண்டு சொல்லு." பிறகு முகத்தைக் கிட்டக் கொண்டந்து, எனக்கு அந்த முகம் நல்லாய்த் தெரிஞ்சது, வெள்ளை மயிர் குத்திக்கொண்டு நிக்கிற நாடி, சின்னப்பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு, "பால் தேத்தண்ணி குடிச்சு எவ்வளவு நாள், ஆ?" எண்டார். பால் தேத்தண்ணிக்கு இல்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் திறந்துவிட்டிட்டு வந்த மாடுகள் எல்லாம் அந்த ஒரு மாட்டின்ரை வாயாலை கத்துதுகள். போகாதேங்கோ எண்டு கையைப் பிடிச்சிருக்கலாம். பிடிச்சன், ஓம், பிடிச்சன்தான், மெல்லமாய்க் கழட்டிப்போட்டு வெளிக்கிட்டிட்டார்.

இப்ப நான் தனிய. காவலுக்கு நிக்கிறது ஒரு குருடன். ஆமி வந்தால் வரலாம், வந்து தோளிலை கையை வைச்சுச் சுகம் விசாரிக்கலாம். நெஞ்சு அடிக்கிறது துவக்குப் பிடிக்குக் கேக்குது. வாய்க்கால், மருது, வண்டில், புத்து, பனை, கொட்டில், பத்தை. இப்ப வாய்க்காலுக்குள்ளை இருப்பார். இப்ப மருதடியிலை. அங்கை என்னவோ அசையுது. அவரோ? வெய்யிலோ? என்ரை கண்ணுக்குள்ளை மிதக்கிற பூச்சியோ? பத்தைப் பக்கமாயும் அசையிற மாதிரிக் கிடக்கு. சுடவேணுமோ? அசைஞ்சால் சுடு எண்டுதான் பழக்கினது. சுட்டு, அது அண்ணையாய் இருந்தால்? சுடாமல் விட்டு, அது அவங்களாய் இருந்தால்? விரலை எடுத்துப்போட்டன். விரல் வேர்த்திருக்கு, சாரத்திலை துடைக்கப் பாத்தால் சாரமில்லை, களிசான், இந்த வயதிலை களிசான். இதுக்குள்ளை ஒரு எறும்பு வேறை. அண்ணை, கெதியா வாங்கோ. உங்கடை மாடும் மண்ணாங்கட்டியும். முருகா, அந்தாளைக் கொண்டந்து சேர், நான் இனிமேல் ஒண்டும் கேக்கமாட்டன். போன கிழமையும் இப்பிடித்தான் சொன்னனான், செல் விழேக்க. அதுக்கு முதலும். முருகனுக்கு என்னைக் கண்டால் அலுப்பாயிருக்கும். வண்டில், புத்து, பனை. இண்டைக்கு விடியப் பாடம் சொல்லவுமில்லை, எல்லாம் இந்த மாட்டாலை, எழும்பின நேரம் தொட்டு மாடு மாடு எண்டு... பரவாயில்லை. வந்து சொல்லுவார். நேற்றையான் பாடம் இண்டைக்கும் பாடம்தான், வயல் எங்கை ஓடப்போகுது.

ஆ, நிப்பாட்டிட்டுது. கத்தல் நிண்டிட்டுது. போய்ச் சேந்திட்டார்! மடியிலை கை வைச்சிட்டார். என்னையறியாமல் சிரிச்சுப்போட்டன், தனிய இருந்து பல்லைக் காட்டிக்கொண்டு, ஆரும் கண்டால் என்ன நினைப்பினம். வயல் முழுக்க அமைதி. எவ்வளவு நேரத்துக்குப் பிறகு ஒரு அமைதி. ஏதோ ஒரு குருவி கூடக் கத்துது. இப்ப பால் பேணிக்குள்ளை விழுகிற சத்தம் கேக்குமோ எண்டு காதைக் குடுத்துப் பாக்கிறன், அவ்வளவு தூரத்திலை கேக்குமே, விசரன். ஆனால் எனக்குத் தெரியுது, கண்ணாலை தெரியாதது எல்லாம் தெரியுது, அவர் குந்திக்கொண்டு தலையை மாட்டின்ரை வயித்திலை சாய்ச்சு வைச்சிருப்பார், அதோடை என்னவோ புறுபுறுத்துக் கதைச்சுக்கொண்டிருப்பார், ஓமடி ஓமடி எண்டு. சுகிர்தா பிறந்த நேரம் பரிமளத்துக்கும் பால் கட்டி அவள் இரவிரவாய் அழுதவள், நான் கையைப் பிசைஞ்சுகொண்டு நிண்டனான். எவ்வளவு சின்னப் பிள்ளை, கை முழுக்க இல்லை. அந்தப் பிள்ளையின்ரை கைதான் நூல் கோத்தது. அந்தக் கையிலை ஒருநாளும் இந்தச் சனியன் துவக்கு வரக்கூடாது, அதுக்காக நான் இதுக்குள்ளை எவ்வளவு காலமெண்டாலும் கிடப்பன், புழுவாய்க் கிடப்பன். பயந்து பயந்து எண்டாலும் கிடப்பன்.

வெடி. ஒண்டு. ஒரேயொரு வெடி.

எங்கை? எந்தப் பக்கம்? தூரத்திலையாயிருக்கும். அவங்கள் சும்மா சுடுறவங்கள், குரங்கைக் கண்டாலும் சுடுறவங்கள், அலுப்படிச்சாலும் சுடுறவங்கள். அது வேறை எங்கையோ. வேறை பொயின்றுக்கு. குருவிச் சத்தத்தைக் காணேல்லை. அண்ணை, அண்ணை. கூப்பிடக்கூடாது, கூப்பிட்டால் காட்டிக் குடுத்த மாதிரி. மாடு கத்தாமல் இருந்தால் அவர் கறந்துகொண்டிருக்கிறார். அவ்வளவுதான் கணக்கு. மாடு கத்தேல்லை. கத்தாதை. கத்தாதையடி, உனக்குப் புண்ணியம் கிடைக்கும். கத்தாதை.

கத்துது.

இப்ப கையிலை கயிறு. பங்கருக்குள்ளாலை நிலமதியின்ரை இடத்துக்குப் போற கயிறு, முனையிலை பால்ரின் பேணியள் கட்டிக் கிடக்கு, என்னவும் கண்டால் இழுக்கச் சொன்னது. என்னவும் கண்டால்! நான் என்னத்தைக் கண்டன்? இழுத்தால் அவள் வருவாள். வந்தால் கேப்பாள், எங்கை நிக்கிறார், எந்த இடத்திலை, எங்கையிருந்து சுட்டது. நான் என்ன சொல்ல? சொன்னால் பிடிபடுவன். பிடிபட்டால் வாகனம். படலையடியிலை வாகனம், சுகிர்தா காதைப் பொத்திக்கொண்டு. இழுக்காட்டில்? அண்ணை அங்கை காயத்தோடை கிடந்தால்? காயம்தானே, காலிலை பட்டிருக்கும், என்னைப் பாத்துக் கையைக் காட்டிக்கொண்டிருப்பார், அருளம்பலம் காணுறானில்லையே எண்டு, காணமாட்டான் எண்டு தெரிஞ்சும் காட்டிக்கொண்டிருப்பார். இப்ப வந்திடுவார். இன்னும் கொஞ்சம் பாப்பம். என்னத்தைப் பாக்கிறது, பொட்டைக் கண்ணா, என்னத்தைப் பாக்கிறது? சுகிர்தா. கதிரி அண்ணை. சுகிர்தா. பாண் எண்டு சவுக்காரத்தைக் கடிச்சவனை ஒரு சொல்லுச் சொல்லாத மனுசன். என்ரை கை என்னைக் கேக்கேல்லை, அது தன்பாட்டிலை இழுத்துப்போட்டுது. அங்காலை பேணியள் கலகலவெண்டு விழுந்த சத்தம் கேட்டு எனக்கே திடுக்கிட்டுது.

ஓடிவாற சப்பாத்துச் சத்தம். குனிஞ்சு உள்ளுக்கு வந்திட்டாள், மூச்சு வாங்குது. சின்னப் பிள்ளை, சுகிர்தாவைவிட ஒரு பிடி உயரம், இரட்டைப் பின்னல் மடிச்சுக் கட்டினது எனக்கு நிழலாய்த் தெரியுது. "ஆருக்கய்யா வெடி? கதிரி ஐயா எங்கை?" கொல்லைக்கு எண்டு வாய் வரைக்கும் வந்தது. சொல்லேல்லை. "மாட்டிலை பால் கறக்கப் போனவர் பிள்ளை. வண்டிலடிக்கு. அந்த மனுசனுக்கு அந்தக் கத்தல் பொறுக்கேலாமல் போட்டுது." "ஐயோ, என்னய்யா நீங்கள்!" எண்டு தலையிலை கையை வைச்சாள், இல்லாட்டில் வைச்ச மாதிரி இருந்தது. "இப்ப எங்கை நிக்கிறார்? நீங்கள் பாத்துக்கொண்டுதானே நிண்டனியள்?" ஓமெண்டன். "எங்கை?" வாய்க்கால், மருது, வண்டில், புத்து. "வண்டிலுக்கு வலப்பக்கம் பிள்ளை, புத்தடியிலை, அந்தப் பனை நிழலிலை பதுங்கியிருக்கிறார் போலை."

அவள் என்ரை பக்கம் திரும்பினாள். மாடு கத்தினது. "எந்தப் பனை நிழலிலை?" எண்டாள். "அந்தத் தனிப்பனை." "ஐயா, அந்தப் பனை விடிய அடிச்ச செல்லிலை அடியோடை போட்டுது. அங்கை ஒரு கட்டையும் இல்லை." அப்பிடியே மண்ணிலை குந்திட்டன். அவள் என்ரை முகத்துக்கு முன்னாலை கையை ஆட்டினாள், காத்து வந்தது, கை தெரிஞ்சதோ எண்டு கேக்கேல்லை. பிறகு தூரக்கண்ணாடியை எடுத்து மண்ணணையிலை முழங்கையை ஊண்டினாள். "பிள்ளை, எனக்கு ஒரு மகள்தான்" எண்டு சொன்னன். சொல்லக்கூடாதெண்டு இவ்வளவு நாளாய் விழுங்கிக்கொண்டிருந்தது. "ஒரே மகள். பயந்த பிள்ளை. என்னை அனுப்பாதேங்கோ. முன்னுக்கு விடுங்கோ, மண் வெட்ட விடுங்கோ, சாக விடுங்கோ, வீட்டை மட்டும் அனுப்பாதேங்கோ." என்ரை குரலைக் கேக்க எனக்கே அருவருப்பாயிருந்தது, ஆனால் நிப்பாட்டேலாமல் சொல்லிக்கொண்டிருந்தன்.

அவள் தூரக்கண்ணாடியைக் கண்ணிலையிருந்து எடுக்காமலே கதைச்சாள். "எங்கடை வீட்டாலையும் முதல் வந்தது அப்பாதான். கால் விளங்காதெண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம். அதாலைதான் நான் இஞ்சை நிக்கிறன்." அவ்வளவுதான். அழேல்லை, ஒண்டுமில்லை, பாண் விலை சொல்லுறமாதிரிச் சொன்னாள். எனக்குத்தான் பயம் புதுசாய்ப் பிடிச்சுது, இந்தப் பிள்ளைக்கு நெஞ்சுக்குள்ளை என்ன கிடக்கெண்டு தெரியாத பயம். "பின்னேரம் எங்கடை பொறுப்பாளர் பெரியவர் வருவார். வெடி விழுந்த பொயின்ற், நிண்ட ஆளைக் கட்டாயம் கேப்பார். என்ன கண்டனியள், ஏது கண்டனியள் எண்டு துருவித் துருவிக் கேப்பார். இப்ப நான் சொல்லுறன், நீங்கள் திருப்பிச் சொல்லுங்கோ. வாய்க்கால் கட்டு."

"வாய்க்கால் கட்டு" எண்டன். "மருதமரம்." "மருதமரம்." "சில்லில்லாத வண்டில்." "வண்டில்." "வண்டிலிலை கயிறு சிக்கின சிவப்பு மாடு." சிவப்பெண்டு எனக்கு அப்பதான் தெரியும், கதிரி அண்ணை நிறம் சொல்லேல்லை. "சிவப்பு மாடு." அவள் சொல்லுறதை நிப்பாட்டிட்டாள். "மாட்டுக்குப் பக்கத்திலை என்ன, பிள்ளை?" "மாட்டுக்குப் பக்கத்திலை கதிரி ஐயா குப்புறக் கிடக்கிறார்." "எழும்புவார். பதுங்கியிருக்கிறார், அவர் கெட்டிக்காரன்." "இல்லை ஐயா. நான் கனநேரமாய்ப் பாத்திட்டன். பிடரியிலை பட்டிருக்கு. இருண்டாப்போலைதான் போய் எடுக்கலாம்." நெருப்புப்பெட்டியைப் பையுக்குள்ளை கையாலை அமத்திப் பிடிச்சன். நேற்றுத் தைச்ச தெறி. இழுத்தாலும் வராது. "சொல்லுங்கோ ஐயா" எண்டாள். நான் முழங்காலுக்குள்ளை முகத்தைப் புதைச்சன். "அழுகிறதெண்டால் பிறகு அழுங்கோ. பெரியவர் வரேக்க நீங்கள் எல்லாம் கண்டனியளாய் இருக்கவேணும். சொல்லுங்கோ."

"புத்து" எண்டன். "பனை இல்லை. கொட்டில். பத்தை." "நடுவிலை விட்டிட்டியள். முதலிலை இருந்து." மாடு இன்னும் கத்துது, பாதி கறந்த மடியோடை. முதலிலை இருந்து தொடங்கினன், வாய்க்கால் கட்டு, மருதமரம், வண்டில், சிவப்பு மாடு, மாட்டுக்குப் பக்கத்திலை, மாட்டுக்குப் பக்கத்திலை கதிரி அண்ணை. "அண்ணை எண்டு சொல்லவேண்டாம் ஐயா. முழுப் பேர் சொல்லுங்கோ. தலை எந்தப் பக்கம் எண்டு அவர் கேப்பார்." "எந்தப் பக்கம் பிள்ளை?" "எங்கடை பக்கம். திரும்பி வர வெளிக்கிட்டிருக்கிறார். கையிலை பேணி கிடக்கு." நான் கண்ணைத் துடைச்சுப்போட்டு அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பாத்தன். அங்கை ஒண்டுமில்லை. "மாட்டுக்குப் பக்கத்திலை கதிரித்தம்பி" எண்டன். "கையிலை பேணி. தலை எங்கடை பக்கம்." "இன்னொருக்கா" எண்டாள் பிள்ளை.